காணாமல் போன எல்லைக்கல்: மாசசூசெட்ஸில் இரண்டு டவுன்களுக்கு நடுவே ஒரு தேடல்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில், மலையும் சதுப்பும் கலந்த காட்டுக்குள், இரண்டு டவுன்களின் எல்லை திரும்பும் இடத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்க வேண்டும். இரண்டு டவுன்களின் பதிவேடுகளும் பல பத்தாண்டுகளாக அந்த ஒரு கல்லுக்கு மட்டும் ‘கிடைக்கவில்லை’ என்றே எழுதி வந்தன. அதைத் தேடிக் கண்டுபிடித்த வேலையில் தன்னார்வலனாக நானும் இருந்தேன். எப்படித் தேடினோம், கிடைத்தது அதே கல்தான் என்று எப்படி உறுதி செய்தோம், கிடைத்த பிறகு எதைச் செய்யாமல் விட்டோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். டவுன்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கல் இருப்பது ஒருவரின் சொந்த நிலத்தில். இப்படிப்பட்ட பழைய கற்களைத் தோட்ட அலங்காரத்துக்கு என்று தூக்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் டவுன் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூ இங்கிலாந்தில் டவுன் என்பது கடைத்தெருவும் வீடுகளும் உள்ள இடத்தை மட்டும் குறிப்பதல்ல. மாசசூசெட்ஸ் முழுவதும் 351 டவுன்களாகவும் நகரங்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத இடைவெளி என்று ஒரு அடி நிலம்கூடக் கிடையாது. நடுக்காட்டில் ஒரு காலை இந்த டவுனிலும் மறு காலை அடுத்த டவுனிலும் வைத்து நிற்கலாம். சொத்து வரி யாருக்கு, பிள்ளை எந்தப் பள்ளிக்கு, பனியை யார் வண்டி வைத்துத் தள்ளுவது, வீடு கட்ட யாரிடம் அனுமதி வாங்குவது என்று எல்லாமே அந்தக் கோட்டைப் பொறுத்தது.

அதனால்தான் சட்டம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. எல்லைக்கற்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டத் தொகுப்பின் 42-ஆம் அத்தியாயம் சொல்கிறது. டவுனை நிர்வகிக்கும் செலக்ட் போர்டின் உறுப்பினர்கள் இருவராவது போக வேண்டும், அல்லது அவர்கள் எழுத்து மூலம் நியமித்த இருவர் போக வேண்டும். கல்லில் தங்கள் டவுனின் எழுத்து உள்ள பக்கத்தில் அந்த ஆண்டைக் குறித்துவிட்டு, நடந்ததை டவுன் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எல்லை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நிலத்துக்கு மேல் குறைந்தது 4 அடி உயரக் கல் நிற்க வேண்டும், அதில் இரண்டு டவுன்களின் முதல் எழுத்தும் தெளிவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அதே அத்தியாயத்தில்தான் வருகிறது. இந்த எல்லை நடை காலனி காலத்துப் பழக்கம். 1641-லேயே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான விஷயமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். பல்லவர் செப்பேடுகளில் ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ என்று வருகிறது. சோழர் செப்பேடுகள் பெண் யானையை எல்லை நெடுக நடத்திக் குறித்ததைப் பிடி சூழ்தல் என்கின்றன. நடந்து பார்த்து, அடையாளம் நட்டு, ஓலையில் எழுதி, சாட்சி வைப்பது என்ற அந்த வரிசைதான் கடல் தாண்டியும் இருந்திருக்கிறது.

காகிதம் சொன்னது

தேடலின் பெரும்பகுதி காட்டில் நடக்கவில்லை, டவுன் அலுவலகத்தின் பெட்டகத்தில் நடந்தது. எல்லை நடைப் பதிவேடுகள் கையெழுத்துப் புத்தகங்களாக அங்கே இருக்கின்றன. அவற்றைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே வாசகம் சொல் மாறாமல் அடுத்தடுத்த பதிவுகளில் வந்தால், யாரும் நேரில் போகவில்லை, முந்தைய பக்கத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். வாசகம் திடீரென்று மாறும் பக்கம்தான் உண்மையில் யாரோ நடந்து போன பக்கம்.

எங்களுக்கு அப்படி இரண்டு பக்கங்கள் கிடைத்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு பதிவு, இந்த மூலையில் இருந்த கற்குவியலுக்கு நடுவே பிளந்த கல் ஒன்றை நட்டதாகச் சொல்கிறது. அதற்கு முன்பு அங்கே குவியல் மட்டும்தான். இன்னொன்று 1938-க்குப் பிறகு வந்த முதல் எல்லை நடை. அதில்தான் முதன்முதலாக ‘கிடைக்கவில்லை’ என்ற சொல் வருகிறது. இந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டகத்துக்கு வெளியே இரண்டு ஆவணங்கள் முக்கியமானவை. 1794-இல் மாநிலச் சட்டமன்றம் ஒவ்வொரு டவுனும் தன்னை அளந்து வரைபடம் அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஓர் அங்குலத்துக்கு 200 ராட் என்பது அளவுத்திட்டம். ஒரு ராட் 16.5 அடி. 1830-இல் மறுபடியும், இந்த முறை ஓர் அங்குலத்துக்கு 100 ராட் என்ற அளவில் கேட்டார்கள். இரண்டு தொகுதிகளும் பாஸ்டனில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இரண்டாவது ஆவணம், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநிலத்தின் துறைமுக, நில ஆணையம் வெளியிட்ட டவுன் எல்லை அட்லஸ்கள். முக்கோண அளவை முறையில் ஒவ்வொரு மூலைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, அடுத்த மூலைக்குத் திசை, தூரம், கல்லின் வர்ணனை எல்லாம் அதில் உண்டு.

அட்லஸில் ஆயத்தொலைவே இருக்கிறதே, அப்புறம் 1794-க்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். ஒரே ஆவணத்தை நம்பினால் அதில் உள்ள அச்சுப் பிழையையும் சேர்த்து நம்புகிறோம். அது மட்டுமில்லை, 1900-ஐ ஒட்டி அளந்தவர்கள் பார்த்த கல், அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு இரண்டு டவுன்களும் ஒத்துக்கொண்ட அதே இடத்தில் நின்றதா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு சாட்சிகள் ஒரே இடத்தைக் கை காட்டினால்தான் தோண்டுவதற்கு நியாயம் உண்டு.

பழைய வடக்கும் பழைய சங்கிலியும்

எல்லைக்கோடு தெற்கிலிருந்து வடக்கே போகிறது. தெற்கே ஒரு பழைய சாலையோரம் ஒரு கல் இன்றும் நிற்கிறது. அதற்கு அடுத்தது ஓர் ஓடைக்கரையில் நிற்கிறது. அதற்கும் அடுத்ததுதான் காணாமல் போனது. அதையும் தாண்டி ஒரு குன்றின் மேல் நான்காவது கல் பத்திரமாக இருக்கிறது. இனி இவற்றைச் சாலைக்கல், ஓடைக்கல், குன்றுக்கல் என்றே சொல்கிறேன்.

1794 அளவையின்படி, சாலைக்கல் இருக்கும் இடத்திலிருந்து ஓடைக்கல் இருக்கும் இடத்துக்கு வடக்கிலிருந்து 12 பாகை மேற்காக 248 ராட். அங்கிருந்து கற்குவியலுக்கு வடக்கிலிருந்து 5 பாகை மேற்காக 310 ராட். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஓடைக்கல்லில் நின்று திசைகாட்டியை எடுத்து, 5 பாகை மேற்கே பார்த்து, 310 ராட் நடந்தால் கல் வந்துவிடும் போலத் தோன்றும்.

வராது. அவர்கள் எழுதிய வடக்கு காந்த ஊசி காட்டிய வடக்கு. காந்த வடக்கு நிலையாக நிற்பதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பகுதியில் ஊசி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 6 முதல் 7 பாகை மேற்கே விலகி நின்றது. இன்று அந்த விலகல் சுமார் 14 பாகை. நடுவில் வந்த வித்தியாசம் 7 பாகைக்கு மேல். ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் 7 பாகை என்பது சுமார் 200 மீட்டர் பக்கவாட்டு நகர்வு. இன்றைய திசைகாட்டியை வைத்து நடப்பவர் கல்லுக்கு 200 மீட்டர் மேற்கே, ஒரு சதுப்பு நிலத்தின் நடுவில் போய் நிற்பார். அந்தப் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்கப் போவதில்லை.

தூரத்திலும் இதே சிக்கல்தான். அந்தக் காலத்தில் இரும்புச் சங்கிலியைப் புதர் வழியாக, மேட்டிலும் பள்ளத்திலும் இழுத்துக்கொண்டு போனார்கள். சங்கிலி தொய்யும், வளையும். அதற்காக முப்பது ராடுக்கு ஒரு ராட் என்று சலுகை விட்டு அளக்கும் வழக்கம் நியூ இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. எனவே பதிவில் உள்ள 310 ராட், நிலத்தில் 310 ராடாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் அதைவிட நீளமாகவே இருக்கும்.

இந்த இரண்டு பிழைகளையும் ஊகிக்கத் தேவையில்லை. எங்களுடன் வந்த உரிமம் பெற்ற சர்வேயர் காட்டிய வழியை, இந்த மாதிரி வேலையில் இறங்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தப் பழைய அளவையாளரின் ஊசியையும் சங்கிலியையும் அவர் அளந்த கோட்டை வைத்தே சோதித்துப் பார்த்துவிடலாம். சாலைக்கல்லும் ஓடைக்கல்லும் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் இன்றைய கருவியால் அளந்தோம். உண்மையான திசை வடக்கிலிருந்து 18¾ பாகை மேற்கு. பதிவில் 12. ஆக அவர் ஊசி 6¾ பாகை விலகி நின்றிருக்கிறது, அந்தக் காலத்துக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். தூரம் 1,268 மீட்டர் வந்தது. 248 ராட் என்பது கணக்குப்படி 1,247 மீட்டர். ஆக அவருடைய ஒவ்வொரு நூறு ராடும் நிலத்தில் ஏறத்தாழ 101.7 ராட்.

அதே மனிதர், அதே கருவி, அநேகமாக அதே வாரம். அடுத்த கோட்டிலும் இதே குணம் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. திருத்திப் பார்த்தால் காணாமல் போன மூலை, ஓடைக்கல்லிலிருந்து உண்மை வடக்குக்கு 11¾ பாகை மேற்காக, சுமார் 1,585 மீட்டர் தள்ளி வருகிறது. அவர் ஊசியை அரைப் பாகை வரை முன்பின் படித்திருக்கலாம். அந்தத் தூரத்தில் அது சுமார் 14 மீட்டர். எனவே வரைபடத்தில் 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம் போட்டோம்.

40 மீட்டர் மேற்கே

இனி அட்லஸ். இதில்தான் முன்பு தேடியவர்கள் வழி தவறியிருக்கிறார்கள் என்று நம்புகிறேன். அட்லஸ் எண்களைக் கைபேசியிலோ ஜிபிஎஸ் கருவியிலோ அப்படியே போட்டால் ஒரு புள்ளி விழும். அந்த இடத்தில் இலைமட்கைக் கிளறிப் பார்த்த தடங்கள் எங்களுக்கு முன்பே இருந்தன.

அட்சரேகை, தீர்க்கரேகை என்பவை பூமிக்கு எந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம், அதை எங்கே பொருத்துகிறோம் என்பதைச் சார்ந்தவை. இந்தப் பொருத்தத்துக்கு டேட்டம் என்று பெயர். அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறை 1879-இல் நியூ இங்கிலாந்துக்கு என்று ஒரு டேட்டம் வைத்தது. 1901-இல் நாடு முழுமைக்கும் ஒன்று வந்தது. 1927-இல் வட அமெரிக்க டேட்டம் வந்தது, 1983-இல் அதுவும் புதிதாக மாற்றப்பட்டது. கைபேசியின் ஜிபிஎஸ் தருவது 1983 டேட்டத்துக்கு மிக நெருக்கமான எண்களை. மாசசூசெட்ஸில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நடுவே சுமார் 40 மீட்டர் இடைவெளி விழுகிறது. அதில் பெரும்பகுதி கிழக்கு மேற்காக இருக்கிறது. பழைய எண்ணை மாற்றாமல் போட்டால், உண்மையான இடத்துக்கு ஏறத்தாழ 40 மீட்டர் மேற்கே போய் நிற்போம். அடர்ந்த காட்டில், அரையடி மட்கு மூடிய தரையில், 40 மீட்டர் என்பது வேறு நாடு.

எண்களை மாற்ற அமெரிக்கத் தேசிய புவியளவை நிறுவனம் இலவசக் கருவி தருகிறது. மாற்றியதும் புள்ளி கிழக்கே நகர்ந்து, 1794 கணக்கில் நாங்கள் போட்ட 15 மீட்டர் வட்டத்துக்குள் வந்து விழுந்தது. ஒரு நூற்றாண்டு இடைவெளியில், வேறு வேறு கருவியால், வேறு வேறு ஆட்கள் அளந்த இரண்டு கணக்குகள் ஒரே இடத்தைத் தொட்டபோது எங்களுக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லித் தீராது.

காட்டுக்குள்

அட்லஸின் வர்ணனை அந்தக் கல்லை மேய்ச்சல் நிலத்தில், ஒரு கல்மதில் மூலைக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்கிறது. இன்று அங்கே மேய்ச்சல் நிலம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதியின் பெரும்பகுதி வெட்டவெளி. விவசாயிகள் மேற்குப் பக்கமும் ஆலை நகரங்களுக்கும் போன பிறகு காடு திரும்பி வந்துவிட்டது. வயல் கற்களைப் பொறுக்கி அடுக்கிய மதில்கள் மட்டும் மரங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த மதில்களைப் பார்க்க லைடார் உதவியது. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, இலைகளின் இடைவெளி வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பியவற்றை மட்டும் எடுத்து வரையும் உயரப்படம் இது. மாநிலமே பொதுமக்களுக்குத் தருகிறது. காட்டை உரித்துவிட்டுத் தரையைப் பார்ப்பது போலிருக்கும். இடுப்பளவு மதில்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. ஆனால் ஒற்றைக் கல் தூண் அதில் தெரியாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. எங்கள் வட்டத்தின் ஓரத்தில் ஒரு மதில் மூலை தெளிவாகத் தெரிந்தது. அட்லஸ் சொல்லும் மூலை அதுதான் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

நில உரிமையாளரிடம் முன்பே அனுமதி வாங்கியாயிற்று. இரண்டு டவுன்களின் செலக்ட் போர்டுகளுக்கும் எழுத்தில் தெரிவித்தாயிற்று. இலை உதிர்ந்து பனி விழுவதற்கு முந்தைய நாட்கள்தான் இந்த வேலைக்கு நல்லவை. அதுவே வேட்டைக் காலமும் என்பதால் எல்லோரும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தோம். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது.

மதில் மூலையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு கருங்கல் தூண். நிமிர்ந்து நிற்கிறது, சதுரமாக இருக்கிறது, பழையது. எங்கள் குழுவில் சிலருக்கு அதுதான் கல் என்று தோன்றியது இயல்பே. ஆனால் அதில் எழுத்து எதுவும் இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் துளை, துளைக்குள் ஈயம், ஈயத்துக்குள் துருப்பிடித்த இரும்பு முளை. வாயில் கதவின் கீல் மாட்டிய கல் அது. பக்கத்தில் மதிலில் ஒரு வண்டி நுழையும் அளவு இடைவெளியும் இருந்தது. நியூ இங்கிலாந்துக் காடுகளில் எல்லைக்கல் என்று தவறாக நினைக்கப்படுவதில் இந்த வாயில் தூண்களுக்குத்தான் முதலிடம் என்பேன்.

மாற்றிய ஆயத்தொலைவின் புள்ளியைச் சுற்றி நாங்கள் பார்த்தது ஒரு மேடும் ஒரு பள்ளமும். பள்ளம் தென்கிழக்கில், மேடு அதை ஒட்டி வடமேற்கில். காட்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பெரிய மரம் வேரோடு சாயும்போது வேர்த்தட்டு மண்ணைப் பிடுங்கிக்கொண்டு எழும். மரம் மட்கிப் போனாலும் வேர் எழுந்த இடத்தில் பள்ளமும், வேரில் ஒட்டிய மண் உதிர்ந்த இடத்தில் மேடும் நிலைத்து நிற்கும். மரம் பள்ளத்திலிருந்து மேட்டின் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அதாவது வடமேற்கே. தென்கிழக்கிலிருந்து அடித்த காற்று. சுற்றிலும் இதே திசையில் இன்னும் பல மேடுகள் இருந்தன.

1938 செப்டம்பர் 21 அன்று நியூ இங்கிலாந்தைத் தாக்கிய புயல் இப்படித்தான் அடித்தது. மாசசூசெட்ஸின் நடுப்பகுதியில் வெள்ளைப் பைன் காடுகள் வரிசை வரிசையாக வடமேற்கே சாய்ந்தன. சாய்ந்த மரங்களை வெட்டி எடுக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. பதிவேட்டில் ‘கிடைக்கவில்லை’ என்ற சொல் அதற்குப் பிறகு வந்த எல்லை நடையில்தான் தொடங்குகிறது என்று மேலே சொன்னேன். அந்த மேட்டைப் பார்த்ததும் அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

மெல்லிய இரும்புக் கம்பியால் தரையைக் குத்திப் பார்த்தோம். மெதுவாக, செங்குத்தாக, கட்டம் கட்டமாக. கருங்கல்லைத் தேட உலோகங்காட்டி பயன்படாது. மேட்டிலிருந்து வடமேற்கே சில மீட்டர் தள்ளி, மட்குக்குக் கீழே நீளமாக ஏதோ தட்டுப்பட்டது. கையால் மட்கை விலக்கியபோது நான்கு பட்டைக் கருங்கல் ஒன்று படுத்துக் கிடந்தது. நீளம் 4 அடிக்குச் சற்று அதிகம். ஒரு முனை சீராகச் செதுக்கியது, மறு முனை கரடுமுரடாக முறிந்தது.

இது அதுதானா?

கல் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் பெரும் பிழையாகிவிடும். படுத்துக் கிடக்கும் கல் எந்த இடத்தையும் குறிப்பதில்லை. அது எங்கே நின்றது என்பதுதான் கேள்வி. முறிந்த முனை இருக்கிறது என்றால் மீதிப் பாதி எங்கோ தரைக்குள் இருக்க வேண்டும்.

அடிக்கட்டை மேட்டின் வடமேற்கு அடிவாரத்தில், சரிந்து வந்த மண்ணுக்குக் கீழே ஓர் அடி ஆழத்தில் இருந்தது. மண்ணைப் படலம் படலமாக எடுத்தோம், ஒவ்வொன்றையும் படம் பிடித்தோம். கட்டை செங்குத்தாக நின்றது. சுற்றிலும் ஆப்பு மாதிரிச் செருகிய சிறு கற்கள் இறுக்கமாக இருந்தன. அவற்றுக்கு வெளியே, தலையளவுக் கற்கள் வட்டமாகக் கிடந்தன. 1794 வரைபடம் சொன்ன கற்குவியலின் எச்சம் அது. கல்லைக் குவியலின் நடுவே நட்டதாகப் பதிவேடு சொன்னது கண் முன்னே இருந்தது. மரம் கல்லுக்குத் தென்கிழக்கே நின்றிருக்கிறது. சாயும்போது அடிமரம் தூணைத் தரைமட்டத்தில் முறித்திருக்கிறது. வேர்ப்பள்ளம் அந்தப் பக்கமே நின்றுவிட்டதால் அடிக்கட்டை அசையவில்லை. ஆப்புக் கற்களின் இறுக்கம்தான் இதற்குப் பெரிய சாட்சி. அசைந்திருந்தால் அவை தளர்ந்து, நடுவில் மண் புகுந்திருக்கும்.

முறிந்த பரப்புகள் பொருந்துகின்றனவா என்று கல்லைத் தூக்காமலேயே பார்த்தோம். இரண்டின் வெளிக்கோட்டையும் தாளில் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்தோம். ஒரு மூலையில் இருந்த நீண்ட சில்லு உட்பட ஒத்துப்போனது. சட்டம் கேட்கும் 4 அடி உயரமும் தரைமட்டத்திலிருந்து சரியாக வருகிறது.

காலத்தையும் கல்லே சொன்னது. ஓரத்தில் வரிசையாக அரைவட்டத் துளைகள். வட்டத் துளை போட்டு, அதில் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஆப்பை அடித்துப் பிளக்கும் முறையின் தடம் இது. நியூ இங்கிலாந்தில் இந்த முறை 1830-ஐ ஒட்டிப் பரவியது. அதற்கு முன்பு தட்டையான உளிப்பள்ளங்கள் வெட்டித்தான் பிளந்தார்கள். ஆக இது 1794-இல் இருந்திருக்க முடியாத கல். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நட்டதாகச் சொல்லும் பதிவுக்குப் பொருந்தும் கல்.

எழுத்துகளுக்கு மாலை வரை காத்திருந்தோம். கம்பித் தூரிகையால் தேய்ப்பதையும் சுண்ணக்கட்டியால் நிரப்புவதையும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இரண்டுமே கல்லைக் காயப்படுத்தும். டார்ச் வெளிச்சத்தைப் பரப்புக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்தால் போதும், வெட்டுக்குள் நிழல் விழும். மேல் பக்கத்தில் கிழக்கு டவுனின் முதல் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கீழ்ப் பக்கத்துக்கு ஒரு கை நுழையும் அளவு மண்ணை எடுத்து, கைபேசியையும் சிறு விளக்கையும் உள்ளே விட்டோம். மேற்கு டவுனின் எழுத்து அங்கே இருந்தது.

கடைசியாக அளவு. மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் நம்பத்தக்கதல்ல. சர்வேயர் வெட்டவெளியில் இரண்டு நிலைப்புள்ளிகளை வைத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷன் என்ற, கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி மூலம் காட்டுக்குள் அளந்து வந்தார். அடிக்கட்டையிலிருந்து குன்றுக்கல்லுக்கு வந்த தூரத்தை அட்லஸ் சொல்லும் தூரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஓர் அடிக்கும் குறைவு. ஓடைக்கல் பக்கமும் அப்படியே. டேட்டம் மாற்றிய புள்ளியிலிருந்து கட்டை 2 மீட்டருக்குள் இருந்தது.

எண் பெரிதா, கல் பெரிதா

அந்த 2 மீட்டரைப் பற்றி இங்கே விவாதம் எழுந்தது. இன்றைய கருவிகள் இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது, கணக்கிட்ட புள்ளியைத்தானே எல்லையாகக் கொள்ள வேண்டும் என்று மேற்கு டவுனைச் சேர்ந்த ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, நேர்மையாகக் கேட்டார். ஆனால் அளவைச் சட்டத்தின் நெடுநாள் விதி இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. முதலில் நட்ட அடையாளம் அசையாமல் இருந்தால் அதுதான் எல்லை. ஆவணத்தில் உள்ள திசையும் தூரமும் அதற்குப் பின்னால்தான் வரும், பரப்பளவு எல்லாவற்றுக்கும் கடைசி. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து நின்று, இதுதான் என்று ஒத்துக்கொண்டு நட்டது அந்தக் கல்லை. எண்கள் அதைப் பிற்பாடு வர்ணிக்க வந்தவை. நாங்கள் செய்த எல்லாக் கணக்கும் கல்லைத் தேடிப் போவதற்கான வழிதான். கட்டை கிடைத்த பிறகு கணக்குக்கு அதைத் திருத்தும் உரிமை இல்லை. அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

செலக்ட் போர்டுகள் நினைத்தாலும் அதை நகர்த்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் டவுன் எல்லையை மாற்றும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு மட்டுமே. எல்லை நடை போகிறவர்களின் வேலை கண்டுபிடிப்பதும் குறிப்பதும்தான்.

முறிந்த மேல்பாதியை நாங்கள் நிமிர்த்தவில்லை. ஆசை எல்லோருக்கும் இருந்தது. நான்கைந்து பேர் கைகொடுத்தால் நின்றிருக்கும். ஆனால் ஒட்டாத கல்லைச் சுற்றிலும் மண் போட்டு நிறுத்தினால் இரண்டு குளிர்காலத்தில் உறைபனி அதைத் தள்ளிவிடும், தள்ளும்போது ஆப்புக் கற்களையும் கலைக்கும். இத்தனை ஆண்டுகள் காப்பாற்றி வைத்த சாட்சியை நாமே அழித்ததாக ஆகும். எனவே அடிக்கட்டையைப் பழையபடி மண்ணால் மூடினோம். சர்வேயர் மதில் மூலையிலும் பக்கத்தில் உள்ள இரண்டு பெரும்பாறைகளிலும் சிறு குறிகள் வைத்து, மூன்றிலிருந்தும் கட்டைக்குத் தூரம் அளந்து எழுதினார். இனி யார் வந்தாலும் நாடாவை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

எல்லை நடைப் பதிவில் என்ன எழுதுவது என்பதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டோம். ‘கிடைத்தது’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் அடுத்து வருபவர் நிற்கும் தூணைத் தேடி ஏமாறுவார். அதனால் அடிக்கட்டை எத்தனை ஆழத்தில், எந்த நிலையில், மேல்பாதி எந்தத் திசையில், மூன்று குறிகளிலிருந்து எத்தனை அடி, எந்த டேட்டத்தில் என்ன ஆயத்தொலைவு என்று முழுவதும் எழுதினோம். டேட்டத்தின் பெயர் இல்லாமல் ஆயத்தொலைவை எழுதாதீர்கள் என்று இந்த வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு டவுன்களின் பதிவேட்டிலும் ஒரே வாசகம் ஏறியிருக்கிறது. இருவர் இருவராக நால்வர் கையெழுத்திட்டார்கள்.

மேல்பாதியைத் துருப்பிடிக்காத எஃகு முளைகளால் அடிக்கட்டையோடு இணைத்து நிறுத்துவதா, அல்லது பழையதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் அந்த இடத்தைக் காட்டும் சாட்சிக்கல் ஒன்றை நடுவதா என்பது இப்போது இரண்டு போர்டுகளின் முன்னால் இருக்கிறது. என் விருப்பம் இணைப்பதுதான், அதையும் கல் வேலை தெரிந்த பழுதுபார்ப்பு வல்லுநர் கையால். அந்த முடிவு வரும் வரை, இதே கோட்டில் குன்றுக்கல்லுக்கு வடக்கே உள்ள மூலைகளின் அட்லஸ் எண்களைப் புதிய டேட்டத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.